உயிர்த்தெழுதலும் எழுப்புதலும்: தமிழ்க் கிறித்தவச் சிந்தனையில் தேசப் புத்துயிர்ப்பு

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் இரு சொற்கள் நெருங்கிய உறவினவாய் நிற்கின்றன. கல்லறையிலிருந்து இயேசு மீண்டதைக் குறிப்பது 'உயிர்த்தெழுதல்'. தனிமனிதரோ சபையோ தேசமோ ஆன்மிகச் சோர்வு நீங்கிப் புத்துணர்வு பெறுவதைக் குறிப்பது 'எழுப்புதல்'. இரண்டிற்கும் அடிச்சொல் 'எழு' என்பதே. எனினும் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. உயிர்த்தெழுபவர் தாமே எழுகிறார். எழுப்புதலிலோ எழுப்புகிறவர் ஒருவர், எழுப்பப்படுவது வேறொன்று. ஈஸ்டர் நம்பிக்கையைத் தேசத்தின் எதிர்காலத்தோடு இணைத்துப் பேசிய தமிழகச் சிந்தனையாளர்களிடையே எழுந்த கருத்து வேறுபாடுகள் பலவும் இவ்விலக்கண வேறுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன. தேசம் எழுகிறது என்னும்போது அவ்வினைக்கு எழுவாய் யார் என்பதே வினா. பாரதியின் கவிதையொன்றையும், சென்னையில் வாழ்ந்த வி. சக்கரை, பி. செஞ்சையா ஆகிய இருவரின் இறையியற் கருத்துகளையும் முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் மொழிபெயர்ப்பும்

'உயிர்த்தல்' என்னும் வினைக்குத் தமிழில் உள்ள பொருட்பரப்பு கிரேக்கச் சொற்களுக்கு இல்லை. மூச்சுவிடுதல், பெருமூச்செறிதல், ஈனுதல், மீண்டும் உயிர்பெறுதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நிரல்படுத்தும் மெய்ப்பாடுகளுள் 'உயிர்ப்பு' என்பதும் ஒன்று. அங்கு அது துயரத்தின் நெடுமூச்சு. அதே சொல் இன்று கத்தோலிக்க வழிபாட்டில் 'உயிர்ப்புப் பெருவிழா' என மகிழ்ச்சியின் உச்சமாக வழங்குகிறது. துயரில் விடும் மூச்சும், பிறப்பும், மீட்சியும் ஒரே வினையுள் அடங்கியிருப்பது மொழிபெயர்ப்பாளர் திட்டமிட்டுச் செய்ததன்று. மொழி முன்பே வைத்திருந்த செல்வம் அது.

எபிரேய மறையில் உயிர்த்தெழுதற் படிமம் தனிமனிதனைவிடத் தேசத்தையே பற்றி நிற்கும் இடம் எசேக்கியேல் 37-ஆம் அதிகாரம். பாபிலோனியச் சிறையிருப்பில் நாடிழந்த இஸ்ரவேலர், உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்காகக் காட்டப்படுகின்றனர். எலும்புகள் கூடுகின்றன, தசையும் தோலும் மூடுகின்றன, ஆனால் காற்று வந்து புகும்வரை அவை உடல்களே, உயிர்களல்ல. எபிரேயத்தில் காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றிற்கும் 'ரூவாஹ்' என்னும் ஒரே சொல். எலும்பு கூடுவதாகிய அமைப்பும் மூச்சு புகுவதாகிய உயிர்ப்பும் இருவேறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டப்படுவது கருதத்தக்கது. அரசியல் அமைப்பு மாறினால் தேசம் எழுந்துவிடுமா என்று பின்னாளில் சென்னையில் கேட்கப்பட்ட வினாவின் வித்து இங்கேயே உள்ளது.

புதிய ஏற்பாட்டில் இயேசுவின் மீட்சியைச் சொல்லக் கிரேக்கம் இருவகை வினைகளை ஆள்கிறது. ஒன்று எழுப்புதற் பொருளது. மற்றது எழுந்து நிற்றற் பொருளது. வெறுங்கல்லறையின் முன் பெண்களுக்குச் சொல்லப்படும் செய்தியில் முதல்வகை வினையே செயப்பாட்டு வடிவில் வருகிறது. அவ்வடிவைத் தன்வினைப் பொருளிலும் கொள்ள இடமுண்டு. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த ஒன்றிய மொழிபெயர்ப்பின் வழிவந்து, இன்று சீர்திருத்தச் சபைகளில் பெரிதும் வழங்கும் பழைய திருப்புதல், மத்தேயு 28-இல் அதனை 'உயிர்த்தெழுந்தார்' எனத் தன்வினையாகத் தருகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்போ அதே இடத்தில் 'எழுப்பப்பட்டார்' என்று செயப்பாட்டு வினைக்குத் திரும்புகிறது. ஆயினும் அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு நிகழ்த்தும் உரைகளில் தேவனே எழுவாயாக நிற்பதால், பழைய திருப்புதலும் அங்கு 'எழுப்பினார்' என்றே ஆள்கிறது. ஆகவே 'எழுப்புதல்' என்னும் சொல் மறுமலர்ச்சிக் கூட்டங்களின் விளம்பரப் பலகையில் பிறந்ததன்று. ஈஸ்டர் அறிக்கையின் வினைச்சொல்லே அது.

அச்சொல் தமிழ் மண்ணில் அனுபவமாக மாறியதற்குத் திருநெல்வேலி வட்டாரம் சான்று. ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையில் 1860-இல் தோன்றிய எழுப்புதல், அயல்நாட்டு மிஷனரிகளின் நேரடித் தலைமையின்றித் தமிழர்களிடையே பரவியது. 1905-இல் டோனாவூரிலும் ஓர் எழுப்புதல் நிகழ்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் செராம்பூரில் வி. எஸ். அசரியா, கே. டி. பால் முதலியோர் முன்னின்று இந்தியரின் பணமும் இந்தியரின் பணியும் கொண்டு இயங்கும் தேசிய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த ஆண்டும் அதுவே. ஆவிக்குரிய எழுப்புதலும் தேசிய எழுச்சியும் ஒரே காலத்தில் ஒரே வேர்ச்சொல்லைப் பங்கிட்டுக்கொண்டன.

பாரதியின் வாசிப்பு

தேசத்தைத் துயிலெழுப்பும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் இறைவனைத் துயிலெழுப்பப் பாடிய திருப்பள்ளியெழுச்சி வடிவத்தைப் பாரதி பாரத மாதாவுக்கு உரியதாக்கினார். அவ்வடிவில் உள்ள நுட்பம், எழுப்புகிறவன் அடியவன், எழ வேண்டியது தெய்வம் என்பது. கிறித்தவ எழுப்புதலில் இவ்வுறவு தலைகீழாகிறது: எழுப்புகிறவர் தெய்வம், எழ வேண்டியவர் மக்கள்.

பாரதியின் 'யேசு கிறிஸ்து' என்னும் சிறு பாடல் ஈஸ்டர் நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டது. சிலுவை மரணம், மூன்றாம் நாள் மீட்சி, அதனை மகதலேனா மரியாள் கண்ணாரக் காணுதல் ஆகிய மூன்றையும் சுருங்கச் சொல்லிவிட்டு, அதன் உட்பொருளைக் கேட்குமாறு நாட்டாரை அழைக்கிறது பாடல். அகந்தையைக் கொன்றால் தேவர் நம்முள் புகுந்து காப்பர் என்பதே அவ்வுட்பொருள். மரியாளுக்கு அன்பும் இயேசுவுக்கு ஆவியும் நிகராக வைக்கப்படுகின்றன. வரலாற்று நிகழ்ச்சி அகநிகழ்ச்சியாக மாற்றப்படுகிறது. விளி நாட்டாரை நோக்கியது என்பதால், இது தனிமனித முத்திக்குரிய பாடம் மட்டுமன்று என்பதும் தெளிவு.

சொல்லாட்சியிலும் ஒரு மாற்றம் உண்டு. சபை வழக்கு உயிர்த்தலை முன்னும் எழுதலைப் பின்னும் வைக்கிறது. பாரதி எழுதலை முன்னும் உயிர்த்தலைப் பின்னும் வைக்கிறார். யாப்பின் தேவை இதற்குக் காரணமாகலாம். இதற்கு மேல் பொருள் ஏற்றுவது மிகையாகும். ஆயினும் அவர் உட்பொருளுக்கு இவ்வரிசை பொருந்திவருவதை மறுக்க இயலாது. முதலில் மனிதன் அகந்தையினின்று எழவேண்டும். உயிர்ப்பு அதன் பயன்.

இவ்வாசிப்பு பாரதிக்கு மட்டும் உரியதன்று. 1931 டிசம்பரில், இலண்டனிலிருந்து திரும்பும் கப்பலில் நிகழ்ந்த கிறிஸ்துமஸ் உரையில் காந்தி, வரலாற்று இயேசுவில் தமக்கு ஈடுபாடு இருந்ததில்லை என்றும், அவர் வாழவே இல்லை என்று நிறுவப்பட்டாலும் மலைப்பொழிவு தமக்கு உண்மையாகவே இருக்கும் என்றும் கூறினார். பாரதியிடம் உருவகமான ஈஸ்டர், காந்தியிடம் ஏறத்தாழத் தேவையற்றதாகிவிடுகிறது. இந்தியத் தேசியத்தின் ஆன்மிக அகராதி இயேசுவின் போதனையையும் சிலுவையையும் மனமுவந்து ஏற்றது; வெறுங்கல்லறையை வாயிலிலேயே நிறுத்தியது. தேசியவாதிகளாகவும் கிறித்தவர்களாகவும் ஒருங்கே வாழ விரும்பியவர்களுக்கு இது எளிய இக்கட்டன்று.

சக்கரை: நீங்காத அவதாரம்

வெங்கல் சக்கரை (1880–1958) சென்னை கிறித்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லரிடம் பயின்று, 1903-இல் திருமுழுக்குப் பெற்றவர். சென்னையிலிருந்து வெளிவந்த 'கிறிஸ்டியன் பேட்ரியட்' இதழின் ஆசிரியராகவும், பின்னர்த் தொழிற்சங்கத் தலைவராகவும், 1941-இல் சென்னை மேயராகவும் விளங்கினார். அரசியலில் காந்தியின் பக்கம் நின்றவர், இறையியலில் காந்தியின் மேற்சொன்ன நிலைப்பாட்டுக்கு நேரெதிர்த் திசையில் சென்றார்.

இயேசுவை அவர் அவதாரம் என்னும் சொல்லால் விளக்கினார். சொல் வைணவ மரபினது, பொருள் வேறு. புராண அவதாரங்கள் குறித்த காரியம் முடிந்ததும் முடிந்துவிடுகின்றன. இயேசுவின் அவதாரமோ சிலுவையோடும் விண்ணேற்றத்தோடும் முடியவில்லை. அது கட்டம் கட்டமாக வளர்ந்துசெல்வது என்றார் சக்கரை. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே தூய ஆவியாக மனித உள்ளங்களில் அந்தரியாமியாய் இயங்குகிறார் என்பதே அவர் கோட்பாட்டின் நடுப்புள்ளி. கிறிஸ்துவையும் ஆவியையும் இவ்வளவு நெருக்கமாக ஒன்றாக்குவது திரித்துவக் கோட்பாட்டைக் குழப்பும் என்ற மறுப்பு அவருக்கு எதிராக எழுந்தது. அம்மறுப்பில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அவர் தேடியது வேறொன்று. ஈஸ்டர் என்பது 1900 ஆண்டுகளுக்கு முன் பாலஸ்தீனத்தில் நிகழ்ந்து முடிந்த செய்தியாக மட்டும் இருக்குமானால் இந்திய உள்ளத்திற்கு அது பழங்கதையாகவே நிற்கும். அகவுருவகமாக மட்டும் இருக்குமானாலோ ஆள் மறைந்து கருத்து மட்டுமே எஞ்சும். இவ்விரண்டிற்கும் நடுவே, நிகழ்ந்ததும் நிகழ்ந்துகொண்டிருப்பதுமான ஓர் உயிர்த்தெழுதலை அவர் நாடினார்.

தமிழகச் சூழலில் அவதாரச் சொல்லாட்சிக்கு ஒரு வரம்புண்டு என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சைவ சித்தாந்தம் இறைவன் கருவாய்ப்பட்டுப் பிறத்தலை ஏற்பதில்லை. குருவாய் எழுந்தருளுதலையே ஏற்கிறது. வைணவப் பின்புலத்திலிருந்து வந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) போன்ற காப்பியத்தில் அவதார மணம் இயல்பாகக் கமழ்கிறது. சைவம் வேரூன்றிய வட்டாரங்களில் அச்சொல் அதே அளவு எளிதில் ஏற்கப்பட்டிருக்கும் எனக் கொள்வதற்கில்லை. பாளையங்கோட்டை ஏ. ஜே. அப்பாசாமி அவதாரத்தைவிட அந்தரியாமித்துவத்திற்கும் பக்தி நெறிக்கும் மிகுந்த அழுத்தம் கொடுத்ததை இந்நோக்கிலும் காணலாம்.

செஞ்சையா: புதுப்படைப்பு

சக்கரையின் மைத்துனர் பி. செஞ்சையா (1886–1959) நெல்லூரில் பிறந்து, சென்னையில் வழக்கறிஞராக விளங்கி, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் பணியாற்றியவர். இருவரும் ஒரே குழுவினர். ஆயினும் சக்கரையின் சிந்தனை சிலுவையில் மையங்கொள்ள, செஞ்சையாவின் சிந்தனை கல்லறை திறந்த காலையில் தொடங்குகிறது. இரட்சிப்பு என்பது பாவமன்னிப்பு மட்டுமன்று. மனிதன் வேறொரு வகைப் படைப்பாக மாறுதல் என்றார் அவர். இயேசு பழைய மனிதகுலத்தின் மிகச் சிறந்த மாதிரியல்லர்; புதிய மனிதகுலத்தின் ஆதிபுருஷர். தூய ஆவி படைப்பினுள் புதிதாகப் புகுந்த பேராற்றல், மகாசக்தி. பவுலின் நிருபத்தில் பழைய திருப்புதல் ஆளும் 'புதுச்சிருஷ்டி' என்னும் சொல்லைப் பக்தி அலங்காரமாகக் கொள்ளாமல், நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டவர் செஞ்சையா.

இக்கருத்து எந்த மண்ணில் முளைத்தது என்பதைத் தமிழாய்வு கவனிக்க வேண்டும். கும்பகோணத்தில் வாழ்ந்த மாஸ்டர் சி. வி. வி. (1868–1922) உடலையே மாற்றி மரணத்தை வெல்லும் யோகத்தைக் கற்பித்தார். செஞ்சையா அவர் கருத்துகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். புதுச்சேரியில் அரவிந்தர், உயர்நிலை ஆற்றல் இறங்கி மனிதனைப் பரிணமிக்கச் செய்யும் என்றார். இவ்விருவருக்கும் முன்னரே வடலூர் இராமலிங்க அடிகள் (1823–1874) மரணமிலாப் பெருவாழ்வைப் பேசி, இறந்தோரை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்றும், இறந்தோர் எழுப்பப்படுவர் என்றும் அறிவித்திருந்தார். செஞ்சையா வள்ளலாரிடமிருந்து கடன்பெற்றார் என்பது இதன் பொருளன்று. உடலோடு கூடிய மீட்சியை நகைத்து ஒதுக்காமல் ஒரு மெய்யான சமய வினாவாக எடுத்துக்கொண்ட சிந்தனைச் சூழல் தமிழகத்தில் முன்பே நிலவியது என்பதே பொருள். ஆன்மா அழியாதது, ஆகவே உடலின் மீட்சி தேவையற்றது என்று வேதாந்தம் ஒதுக்கிய ஈஸ்டர், சித்தர் மரபின் பக்கமிருந்து நோக்கும்போது அந்நியமாகத் தோன்றுவதில்லை. இந்தியக் கிறித்தவ இறையியல் பற்றிய ஆய்வுகள் வேதாந்தத்தோடு நடந்த உரையாடலையே பெரிதும் பேசுகின்றன. தமிழ்ச் சித்தர் மரபோடு ஒப்புநோக்கும் பணி இன்னும் போதிய அளவு நிகழவில்லை.

தாம்பரம் 1938

தாம்பரத்திற்குப் புதிதாக இடம்பெயர்ந்திருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 470 பேராளர்கள் வந்திருந்தனர். மாநாட்டுக்கென டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என வாதிட்டது. அதே ஆண்டில் சக்கரை, செஞ்சையா, ஜி. வி. ஜோப், டி. எம். தேவசகாயம், எஸ். ஜேசுதாசன் முதலியோரின் கட்டுரைகளைக் கொண்டு இந்தியக் கிறித்தவம் பற்றிய மறுசிந்தனைத் தொகுப்பொன்று சென்னையில் வெளிவந்தது. இவர்கள் பின்னர் 'மறுசிந்தனைக் குழுவினர்' என்றே அறியப்பட்டனர்.

செஞ்சையா கிரேமருக்கு அளித்த மறுமொழியின் உட்கிடை ஈஸ்டரைப் பற்றியது. கிறிஸ்து புதுப்படைப்பானால், அப்படைப்பு ஆற்றலைத் திருச்சபையின் மதிலுக்குள் அடைக்க இயலாது. தேவராச்சியம் வேறு, சபை அமைப்பு வேறு. இந்தியாவுக்குத் தேவை சபையின் பெருக்கமன்று, ஆவியின் ஆற்றல். ஒருவர் தம் சமுதாயத்தைவிட்டு வெளியேறாமலே கிறிஸ்துவை ஏற்க வழி வேண்டும் என்றும் அவர் கருதினார். தரங்கம்பாடியில் 1919-இல் தொடங்கிய சபை ஒன்றிப்பு முயற்சி, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்ததும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. எசேக்கியேலின் படிமத்தில் சொன்னால், அது எலும்புகள் கூடிய நாள். மூச்சு எங்கிருந்து வரும் என்பதே மறுசிந்தனைக் குழுவினர் தொடர்ந்து கேட்டது.

அவர்கள் கேட்ட வினா கூரியது. ஆனால் அதை எந்த இடத்தில் நின்று கேட்டார்கள் என்பதை அவர்களே போதிய அளவு ஆராயவில்லை. வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், இதழாளர்கள் எனக் கற்ற நகர்ப்புற வட்டம் அது. சபை அமைப்பு அவர்களுக்கு மேலைநாட்டுச் சுமையாகத் தெரிந்தது. திருநெல்வேலியிலும் இன்றைய தெலங்கானாவின் தோர்ணக்கல்லிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்கோ அதே அமைப்பு பள்ளிக்கூடமாகவும், பொது இருக்கையாகவும், தங்கள் பெயரைப் பதிவேட்டில் மதிப்போடு எழுதும் இடமாகவும் இருந்தது. அங்கும் சாதி நுழைந்து இருக்கைகளைப் பிரித்தது உண்மை. எனினும் சமுதாயத்தைவிட்டு வெளியேறாமல் கிறிஸ்துவை ஏற்கலாம் என்னும் அறிவுரை, அச்சமுதாயத்தில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு என்ன பொருள் தரும்? 1935-இல் அம்பேத்கர், இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்த பின், தாழ்த்தப்பட்டோர் மதமாற்றம் குறித்துக் காந்திக்கும் தோர்ணக்கல் பேராயர் அசரியாவுக்கும் மூண்ட கருத்து மோதல் இவ்வினாவையே வேறொரு முனையிலிருந்து எழுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவுக்குத் தேசத்தின் புத்துயிர்ப்பு அடித்தளத்தில் தொடங்கி மேலே செல்வது. செஞ்சையாவுக்கு அது புதிய ஆற்றலாக மேலிருந்து இறங்குவது.

1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரை, இந்தியக் கிறித்தவ இறையியல் பெரும்பாலும் உயர்சாதி மரபோடு மட்டுமே உரையாடியது என்னும் குற்றச்சாட்டை வெளிப்படையாக முன்வைத்தது. தலித் இறையியல் அங்கிருந்து வளர்ந்து, பின்னர்ச் சென்னை குருகுலம் இறையியற் கல்லூரியிலும் வேர்விட்டது. அதன்பின் பள்ளத்தாக்கின் எலும்புகள் யாருடையவை என்னும் வினா தவிர்க்க இயலாததாயிற்று. தேசத்தை ஓருடலாகக் கண்ட பாரதிக்கும் செஞ்சையாவுக்கும் இவ்வினா எழவில்லை.

இத்தகைய விவாதங்களின் சாயல் சபை மக்களின் வழக்காற்றில் வேறொரு வடிவில் படிந்துள்ளது. திருச்சபைக் கணக்குப்படி மார்ச் 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அம்முழுநிலவு பெரும்பாலும் பங்குனியிலும் சிற்சில ஆண்டுகளில் சித்திரைத் தொடக்கத்திலும் அமைகிறது. ஆதலால் பங்குனி உத்திர விழாவும் ஈஸ்டரும் பல ஆண்டுகளில் அண்மை நாட்களில் வருகின்றன. அந்த ஞாயிற்றின் விடியலில் தென்மாவட்டச் சபைகள் பலவற்றின் வழிபாட்டில் பழைய திருப்புதலின் 'உயிர்த்தெழுந்தார்' என்னும் தன்வினையே ஒலிக்கிறது. தேசத்துக்கான மன்றாட்டு தொடங்கியதும் சொல் பிறவினைக்கு மாறி, 'எழுப்பும்' என்னும் வேண்டுகோளாகிவிடுகிறது. பொது மொழிபெயர்ப்பின் 'எழுப்பப்பட்டார்' வாசிக்கப்படும் இடங்களில் மட்டும் இரண்டும் ஒரே வினையாக நிற்கின்றன.